குழாய்க்கு இந்தப் பக்கம்

இந்த ஓடையில் முதல் தடவை இறங்குகிற எவளுக்கும் ஒரு சந்தேகம் வரும். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது? நேற்றைக்குக் கிழக்கே போனது, இன்றைக்கு மேற்கே போகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எங்கேயும் போகாமல் நிற்கிறது. வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருக்கும். ஆற்றோரம் பிறந்து வளர்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று சிரிப்பார்களோ என்று பேசாமல் இருந்துவிடுவீர்கள். இருக்காதீர்கள், கேளுங்கள். நான் கேட்டேன். கேட்டதால்தான் இந்த ஓடையைச் சுத்தம் செய்கிற கேங்குக்கு மேஸ்திரி ஆனேன்.

எழுத்துக்கூட்டி எழுதுகிறவள் நான். மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

அடையாறு கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், பெரிய பாலத்துக்குக் கிழக்கே, வடக்குப் பக்கமாக ஒரு கையை நீட்டுகிறது. அந்தக் கைதான் நம்முடைய ஓடை. முதலில் பட்டினப்பாக்கத்து வீடுகளின் முதுகுப்பக்கமாகப் போகும். அப்புறம் ஒரு மேட்டைத் தீவு மாதிரி சுற்றிக்கொண்டு மேற்கே திரும்பும். குறுக்கே சாலை வந்ததும் அதற்கு அடியில் இருக்கிற பெரிய குழாய்க்குள் தலையைக் குனிந்து நுழைந்து, ராஜா அண்ணாமலைபுரத்துப் பக்கம் வந்து, அலையாத்திச் செடிகளுக்கு நடுவில் முடிந்துவிடும். முட்டுச்சந்து அது. உள்ளே வந்த தண்ணீர் வந்த வழியாகவே திரும்பிப் போக வேண்டும்.

அந்த முட்டுச்சந்தின் கோடியில் மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பக்கத்து மழைநீர் வடிகால்கள் வந்து விழுகின்றன. அறுபத்துமூவர் உற்சவத்தில் மாட வீதியில் மோர் குடித்துவிட்டுப் போட்ட டம்ளர்கள் அடுத்த மழைக்கு நம் காலடிக்கு வந்து சேரும். ஆகவே ஓடைக்கு இரண்டு வாசல். ஒரு வாசலில் கடல் நிற்கிறது, இன்னொரு வாசலில் ஊர் நிற்கிறது. நடுவில் நாம் நிற்கிறோம்.

இதை எனக்குச் சொன்னவர் பாய். அவர் பெயர் என்னவென்று கேங்கில் யாருக்கும் தெரியாது. பாய் என்றால் அவர்தான். ராயப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். குழாயின் கடல் பக்கத்து வாயில் ஓர் இரும்புக் கதவு சங்கிலியில் தொங்கும். சாலையோரம் நின்று சக்கரத்தைச் சுற்றினால் அது இறங்கும். ஷட்டர் என்று சொல்வோம். அதைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கடலில் தண்ணீர் ஏறும்போது அளவுக்கு மேல் உள்ளே வந்துவிடாமல் இறக்குவார். வற்றும்போது தூக்குவார்.

வேலைக்கு வந்த புதிதில், குப்பை கடல் பக்கம் மிதந்து போவதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் வெளியே போகிறது என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மேல போறத பாத்து ஏமாறாதம்மா. மேல ஊர்த்தண்ணி வெளிய போய்க்கினு இருக்கும், அடியில கடல்தண்ணி உள்ள வந்துக்கினு இருக்கும். கைய வுட்டுப் பாரு" என்றார். தோள்வரை விட்டுப் பார்த்தேன். மேலே விரல்களுக்கு நடுவில் ஒரு பக்கம் இழுத்தது. அடியில் சில்லென்று இன்னொரு பக்கம் தள்ளியது. அன்றைக்கு ராத்திரி படுத்த பிறகும் என் கை அதையே நினைத்துக்கொண்டிருந்தது.

அமுலுவை உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு உங்களுக்கு மேஸ்திரி. அன்றைக்கு என் கேங்கில் இளையவள். ஆற்றோரக் குடிசையில் அவள் வீடும் என் வீடும் ஒரே சுவர். எங்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தபோது, ஒரே லாரியில் என் பீரோவும் அவள் கட்டிலும் போயின. அங்கேயும் எதிர் எதிர் கதவுதான். அவளை வேலையில் சேர்த்துவிட்டது நான். அவள் அம்மா என்னிடம், "உன்ன நம்பித்தான் தண்ணியில எறக்குறேன்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூட்ஸ். ஆபீஸில் கொடுத்த ரப்பர் பூட்ஸ் எல்லாம் ஆண்கள் அளவு. சேற்றில் கால் வைத்தால் பூட்ஸ் அங்கேயே நிற்கும், கால் மட்டும் மேலே வரும். வெறுங்காலோடு நிற்கவும் முடியாது. கண்ணாடிச்சில், ஊசி எல்லாம் கிடக்கிற இடம். அதற்கு நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். பழைய புடவையை நீளமாகக் கிழித்து, முழங்காலுக்குக் கீழே பூட்ஸோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, முடிச்சை உள்பக்கம் செருகிவிடுவோம். பூட்ஸ் அசையாது. சேறும் உள்ளே போகாது. எங்களைப் பார்த்துக் கூவம் பக்கத்துக் கேங்கும் கட்ட ஆரம்பித்தது. எங்களுக்கு அதில் அவ்வளவு பெருமை. கால் கழன்று வருவதுதான் சேற்றில் நமக்கு இருக்கிற ஒரே வழி என்பது எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

தீபாவளி முடிந்த மறுநாள். அமாவாசை நெருக்கம், அதனால் நன்றாக வற்றுகிற நாள். ஆனால் காலையில் கொட்டிய மழையில் ஊர்த்தண்ணீர் பட்டாசுக் காகிதத்தைச் சுமந்துகொண்டு வந்து விழுந்துகொண்டே இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டு இறங்கினோம். குழாயின் உள்பக்க வாயை அடைத்திருந்த ஆகாயத்தாமரையைக் கொக்கியால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன் நான். கூப்பிடு தூரத்தில் அமுலுவும் கோமதியும் செடிகளின் வேரில் சிக்கிய பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோமதி என்பவள் எங்கள் கேங்கில் அரிவாளுக்குப் பேர் போனவள். வாய் அதைவிடக் கூர்மை.

முதலில் கேட்டது கோமதியின் குரல்தான். "ஆடாத. நீ ஆடாத, அப்பிடியே நில்லு."

நிமிர்ந்து பார்த்தால் அமுலு பாதியாக இருந்தாள். பழைய பள்ளம் ஒன்றைப் புதுச்சேறு மூடி வைத்திருக்கிறது. அது தெரியாமல் எட்டிக் கால் வைத்திருக்கிறாள். இரண்டு காலும் தொடைவரை உளைச்சேற்றில். ஒன்றை இழுத்தால் மற்றொன்று இறங்குகிறது. அவள் இடுப்புக்கு மேல் தண்ணீர் நின்றது.

உளையில் மாட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். நிமிர்ந்து நிற்கக் கூடாது. கட்டிலில் சாய்வது போலப் பின்னால் சாய வேண்டும். பாரம் முதுகுக்குப் போனால் கால் இளகும். ஒவ்வொரு காலாக எடுக்கலாம். கோமதி ஆகாயத்தாமரைக் குவியலைத் தள்ளிக் கொண்டுவந்து மெத்தை மாதிரி போட்டு, அதன் மேல் அமுலுவைச் சாய்த்தாள். சாய்ந்தபோது தண்ணீர் அவள் தாடையைத் தொட்டது. இன்னும் ஒரு சாண் ஏறினால் அவளால் சாய முடியாது. சாயாவிட்டால் கால் வராது. விஷயம் அந்தச் சாணில் இருந்தது.

சாய்ந்த பிறகும் கால் வரவில்லை. "கட்டு. கட்டு பிடிச்சிக்கினு கீது" என்றாள் அமுலு. நாங்கள் பெருமையாகப் போட்ட முடிச்சு சேற்றுக்குள் எங்கேயோ இருந்தது.

சூப்பர்வைசர் தம்பி கரையில் இருந்தார். நல்ல பையன், அவரைக் குறை சொல்ல மாட்டேன். உடனே தீயணைப்புக்குப் போன் போட்டார். கயிற்றைக் கட்டி வண்டியால் இழுக்கலாம் என்று ஒருவன் சொன்னதை அதட்டி நிறுத்தினார். அப்புறம் சாலையைப் பார்த்துக் கத்தினார், "பாய், ஷட்டர எறக்குங்க. தண்ணி ஏறுற நேரம்."

சரியான பேச்சுதான். கடல் திரும்புகிற வேளை அது. பாய் சக்கரத்தில் கை வைத்துவிட்டார். சங்கிலி நறநறவென்று ஆரம்பித்தது.

நான் குழாயின் வாயில் முழங்கால் போட்டுக் கையைத் தோள்வரை விட்டேன். மேலே பட்டாசுக் காகிதம் வெளியே போய்க்கொண்டிருந்தது. அதை நம்பவில்லை. அடியில் தேடினேன். அடியிலும் வெளியேதான் இழுத்தது. பலமாக இல்லை, ஆனால் வெளியேதான்.

"மூடாத பாய்" என்றேன். "நான் சொல்றப்போ மூடு."

சங்கிலி நின்றது. மேலேயிருந்து அவர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற? இங்க ஏறிக்கினு வருது."

"ஏறட்டும்" என்றேன்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் கடல் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் குழாய்க்கு இந்தப் பக்கம் ஊர்த்தண்ணீர் அதைவிட உயரமாக நின்றது. அது வடிவதற்கு இருந்த ஒரே வழி அந்தக் குழாய். அதை அடைத்தால் கடல் வராது, வாஸ்தவம். மயிலாப்பூர் மழை மொத்தமும் அமுலுவின் வாய்மேல் ஏறும். கடல் ஊரை மிஞ்சுகிற நொடி ஒன்று வரும். அப்போது மூட வேண்டும், அதற்கு முன்னால் கூடாது. இவ்வளவையும் இப்போது வரிசையாக எழுதுகிறேன். அப்போது இதில் ஒரு வார்த்தைகூட என் வாயில் வரவில்லை.

சூப்பர்வைசர் தம்பி கரைச்சரிவில் இறங்கி என்னிடம் வந்தார். "அக்கா, உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன். உள்ளதைச் சொல்கிறேன், என் கைக்குத்தான் தெரியும். நெஞ்சு வேறு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. நான் நினைத்தது தப்பாக இருந்தால் அவள் அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஓடியது. இரண்டு பேரும் சேர்ந்து சொல்கிறதை நான் ஒருத்தி தடுக்கிறேனே, இது தெரிந்து தடுப்பதா, திமிரா என்று ஓடியது. கையை எடுத்துவிட்டு அவளிடம் போகலாமா என்று ஒரு கால் எழுந்துவிட்டது. போனால் தண்ணீர் திரும்புவதைச் சொல்ல ஆள் இல்லை. மறுபடி முழங்கால் போட்டேன். நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. கை மட்டும் அசையாமல் இருந்தது.

அந்தப் பக்கம் கோமதி அரிவாளைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து முங்கினாள். கண் தெரியாத சேற்றில் விரலால் தடவி, துணி எது தோல் எது என்று பார்த்து அறுக்க வேண்டும். மேலே வந்து துப்பினாள். மறுபடி முங்கினாள். ஒரு கட்டு அறுந்தது. இடது கால் பூட்ஸை விட்டு வந்தது. வலது காலில் அரிவாள் கெண்டைக்கால் சதையில் பட்டுவிட்டது. அமுலு கத்தவில்லை. வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் கண் திறந்தே இருந்ததை நான் இங்கிருந்து பார்த்தேன்.

இரண்டாவது கட்டும் அறுந்து, கோமதி அக்குளில் கை கொடுத்து அவளைத் தாமரைக் குவியலோடு சேர்த்துக் கரைக்கு இழுத்தபோது, என் விரலுக்குக் கீழே தண்ணீர் இன்னும் வெளியேதான் போய்க்கொண்டிருந்தது. அது நின்றது அவளைக் கரையில் போட்ட பிறகு. அப்போது மூடச் சொன்னேன். பாய் மூடினார். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

நான் ஓடிப்போய் அவள் தலையைத் தொட்டேன். என் கையைத் தட்டிவிட்டாள். பயத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

கால் ஆறி வேலைக்குத் திரும்பியவள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. மேஸ்திரியம்மா என்றாள். வேலைக்கு வேண்டியதைக் கேட்பாள், சொன்னதைச் செய்வாள், அதற்கு மேல் பேச்சில்லை. எதிர்க்கதவு சாத்தியே இருந்தது. அவள் அம்மா கொடுத்தனுப்பும் கருவாட்டுக் குழம்பும் நின்றது. நானும் கேட்கவில்லை. நான் ஏன் கேட்க வேண்டும்? அவள் உயிரோடு நடமாடுகிறாள். அதில் என் கைக்கும் பங்கு உண்டு. அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தூக்கம் வராது. எழுந்து மாடிப்படியில் ஏறுவேன், இறங்குவேன். வேலை நேரத்திலும் ஓர் இடத்தில் நிற்கமாட்டேன். உனக்குக் காலில் சக்கரமா என்று பாய்கூடக் கேட்டார்.

கோமதிதான் போட்டு உடைத்தாள். தேன் தடவிப் பேச அவளுக்கு வராது. "அத்தினி பேரும் மூடு மூடுன்னாங்க, எங்கூட வளந்தவ ஒருத்திதான் மூடாதன்னா, ஏறட்டும்னா. அதான் அவ சொல்றா. எனுக்கு இன்னாத்துக்கு யக்கா ஊர்வம்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், துக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் சரியாகச் செய்தேன். ஆனால் சரி என்று காட்ட எனக்கு ஒன்றும் இல்லை. மூடாமல் பிழைத்தாள் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யார் கண்டது? சில நாள் எனக்கே சந்தேகம் வரும். கடலும் ஏறாமல் ஊரும் ஏறாமல் சும்மா நின்றிருக்குமோ? பாய் சொன்னதுதான் சரியோ? அப்படி ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது, ஒற்றைச் செருப்பில் நடப்பது மாதிரி.

அடுத்த மழைக்காலத்தில் ஷட்டரின் சங்கிலி அறுந்துபோய், கதவு தானாக இறங்கி அடைத்துக்கொண்டது. புதுச்சங்கிலி வரும்வரை தூக்க முடியாது. அன்றைக்கும் ஊரில் நல்ல மழை, கடலில் வற்றம். தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று எல்லோரையும் கரையேற்றிவிட்டேன். மழைக்கோட்டோடு வரிசையாக நின்றோம். அமுலு எனக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

தண்ணீர் ஏறியது. சத்தம் போடாமல், அலை அடிக்காமல், பாலைக் காய்ச்சும்போது பொங்கி வருமே அப்படி ஏறியது. அவள் மாட்டிக்கொண்ட இடத்துக்கு நேரே இருக்கிற அலையாத்தியின் கீழ்க்கிளை முழுகியது, பிறகு அதற்கு மேல் கிளை. கடல் பக்கம் அந்த நேரத்தில் தண்ணீர் வற்றிச் சேறு வெளியே தெரிந்தது. சாலை மேலிருந்து பாய் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னிக்கு நீ சொன்னதுதாம்மா நெசம்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அவர் பெரிய மனுஷர். எல்லோரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நான் அமுலுவைப் பார்த்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், ஜெயித்தவள் பார்க்கிற பார்வைதான் பார்த்தேன்.

அவள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூடியிருந்தா செத்திருப்பேன்" என்றாள்.

"ஆமா."

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"நேரம் எங்கடி இருந்துது?"

"பாய்க்கு பதில் சொல்ல நேரம் இருந்துது. சாருக்கு சொல்ல நேரம் இருந்துது." மழைத்தண்ணீரை முகத்திலிருந்து வழித்துவிட்டாள். "சேத்துல இருந்தது நான்தான? நீ என்னிய சாவச் சொல்லிட்டன்னுதான் நான் மேல பாத்துக்கினு படுத்திருந்தேன்."

மூடாதே என்றது சரி. யார் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். வெளியே போவுது அமுலு, மூடினா உன் மேல நிக்கும் என்று கத்துவதற்கு எவ்வளவு மூச்சு ஆகியிருக்கும் என்றும் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லாதபோது சொல்லிப் பார்த்தேன். ஒரு மூச்சுகூட முழுசாக ஆகவில்லை.

பூட்ஸை இப்போது யாரும் கட்டுவதில்லை. உங்கள் அளவுக்குக் கேட்டு வாங்குங்கள், கிடைக்கும்வரை விடாதீர்கள். தண்ணீரை மேலே பார்க்காமல் கையை விட்டுப் பாருங்கள். குழாய்க்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் சொல்வது அந்தப் பக்கத்துக்குத்தான் உண்மை. இவையெல்லாம் நான் சொல்லித்தந்தவை.

இன்னொன்று அமுலு கொண்டுவந்தது. எவளாவது உளையில் மாட்டினால், அரிவாளும் சாய்ந்துகொள்ளப் பலகையும் போவதற்கு முன்னால் ஒருத்தியை அவள் பக்கத்தில் போய்ப் படுக்கச் சொல்வாள். அந்த ஒருத்தி எதையும் தூக்க வேண்டாம், அறுக்க வேண்டாம். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, மேலே யார் என்ன சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள் என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவு அவசரத்தில் ஒரு ஜோடிக் கை வீணாகிறதே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. அவள் அனுப்பினால் போங்கள். போய்ப் பேசுங்கள்.